குல்மார்க்: வீட்டில் ஆளுக்கு ஒரு நிலை என்றால் பனிச்சறுக்குக்கு அது சரிப்படுமா?

கேள்வி இதுதான். கோவையிலிருந்து ஒரு குடும்பம் பிப்ரவரியில் குல்மார்க் போக நினைக்கிறது. கேட்டவரும் அவருடைய 11 வயது மகளும் பனியையே பார்த்ததில்லை. கணவர் ஆபீஸ் வேலையாக சுவிட்சர்லாந்தில் இருந்தபோது ஓரளவு சறுக்கப் பழகியவர். தம்பி கனடாவில் இருக்கிறார், நன்றாகவே சறுக்குவார். அப்பாவுக்கு 70 வயது, வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறார். "எல்லா நிலையினருக்கும் ஏற்ற இடம்" என்று டிராவல் ஏஜென்ட் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்கிறார்.

பாதி நம்பலாம். உங்களுக்கும் மகளுக்கும் அது நல்ல இடம். தம்பிக்கு இந்தியாவில் அதைவிட நல்ல இடம் கிடையாது. அப்பாவையும் சமாளித்துவிடலாம். சிக்கல் உங்கள் கணவருக்குத்தான். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் குல்மார்க்கில் கஷ்டப்படுவது ஒன்றும் தெரியாதவர் அல்ல, பாதி தெரிந்தவர்.

காரணம் அந்த மலையின் அமைப்பு. குல்மார்க்கை மூன்று மாடியாக நினைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளம் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்வெளிக் கிண்ணம். கோடையில் கோல்ஃப் மைதானம், குளிர்காலத்தில் கற்றுக்குட்டிகளின் சரிவு. அங்கிருந்து கோண்டோலா என்ற கேபிள் காரில் ஏறினால் ஏறக்குறைய 3,100 மீட்டரில் கோங்டூரி. இதை ஃபேஸ்-1 என்பார்கள். அங்கே வேறு கோண்டோலா மாறி ஏறினால் சுமார் 3,950 மீட்டரில் அஃபர்வட் மலையின் தோள்பட்டை. அது ஃபேஸ்-2. முதல் கட்டம் 1998-இலும் இரண்டாவது 2005-இலும் ஓட ஆரம்பித்தன. போமா என்ற பிரெஞ்சு நிறுவனம் கட்டிக்கொடுத்தது. உலகத்தில் இவ்வளவு உயரத்துக்கு ஆளைக் கொண்டுபோய் விடும் கேபிள் கார்கள் கொஞ்சம்தான்.

மற்ற பெரிய பனிச்சறுக்கு ஊர்களில் "எல்லா நிலைக்கும்" என்றால் அர்த்தம் வேறு. கனடாவின் விஸ்லரையே எடுங்கள், உங்கள் தம்பி போயிருக்கக்கூடும். அங்கே உயரத்து லிஃப்ட்களிலிருந்துகூட பச்சை வட்டம் போட்ட சுலபப் பாதைகள் இறங்குகின்றன. நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். தேர்ந்தவரும் புதியவரும் ஒரே லிஃப்ட்டில் ஏறி, மேலே பிரிந்து, கீழே காபிக் கடையில் சேர்ந்துகொள்ளலாம். குல்மார்க்கின் மேல்மாடியில் அப்படிப் பச்சைப் பாதை கிடையாது. ஃபேஸ்-2-இல் இறங்கிக் காலில் பலகையை மாட்டினால் கீழே இருப்பது இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தாத, செங்குத்தான, ஆழமான பனி. உங்களுக்குச் சறுக்கத் தெரியுமா என்று டிக்கெட் கவுன்ட்டரில் யாரும் கேட்பதில்லை. வேடிக்கை பார்க்க வரும் ஆயிரக்கணக்கானவர்களும் அதே பெட்டியில்தான் ஏறுகிறார்கள். ஆக, யார் எந்த மாடியோடு நிற்பது என்பதைக் கோவையிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

முதலில் நீங்களும் மகளும். கோல்ஃப் மைதானச் சரிவுகளின் அழகு, அவை பயப்பட ஒன்றும் இல்லாதவை என்பதுதான். வழுக்கிக்கொண்டே போனாலும் அடுத்த மேட்டில் தானாக நின்றுவிடுவீர்கள். சின்ன இழுவை லிஃப்ட்கள் சில உண்டு. முதல் நாள் அதுவும் தேவைப்படாது, பக்கவாட்டில் அடி வைத்து ஏறி ஏறி இறங்கவே நேரம் சரியாக இருக்கும்.

அதற்கு முன்னால் ஷூ. வாடகைக் கடையில் எல்லோரும் பலகையைப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள், ஷூவைக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு வருவார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். ஸ்கீ ஷூ கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தை. ஒரே ஒரு மெல்லிய நீளச் சாக்ஸ் போடுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சில்லிடும். காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் ஓங்கித் தட்டி, அப்புறம் பக்கிள்களை மாட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் அந்த உரசல் விலகிவிட வேண்டும், குதிகால் மேலே தூக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பு ஷூவின் நாக்கில் முழுக்கப் படிய வேண்டும். பேன்ட்டின் உள்மடிப்போ தெர்மலின் ஓரமோ ஷூவுக்குள் சிக்கியிருந்தால் அரை மணியில் அந்த இடம் கன்றிப்போகும். கடைக்காரர் அவசரப்படுத்துவார், கண்டுகொள்ளாதீர்கள். பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு அங்கேயே நடந்து பாருங்கள்.

பலகை நீளம் புதியவர்களுக்குத் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்தால் போதும். ஷூவைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்கில் ஒரு எண் இருக்கும். எடை, உயரம், வயது, அனுபவம், ஷூவின் நீளம் எல்லாவற்றையும் வைத்து அதைத் திருகி வைக்க வேண்டும். எண் அதிகமாக இருந்தால் விழும்போது பலகை கழன்றுகொள்ளாது, முழங்கால் திருகும். மகளுடைய எடையைக் கடைக்காரர் கேட்கவே இல்லை என்றால் நீங்களாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஹெல்மெட்டைச் சேர்த்தே வாங்குங்கள். சில கடைகளில் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

பயிற்சியாளர் இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம். இரண்டு வழி உண்டு. நிறைய நாள் இருந்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் குல்மார்க்கிலேயே இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனத்தின் குளிர்கால வகுப்புகளைப் பாருங்கள். ஒழுங்காக, அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்கள். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாள் குறைவு என்றால் சுற்றுலாத் துறையில் பதிவு செய்த பயிற்சியாளர் ஒருவரை உங்கள் இருவருக்கும் சேர்த்து, நாள் கணக்கில், வாடகைப் பொருள் சேர்த்தா தனியா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பதிவு அட்டையைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. இவர்களில் பெரும்பாலோர் கீழே 13 கிலோமீட்டரில் இருக்கும் டங்மார்க்கையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்தவர்கள், நடை பழகிய கையோடு சறுக்கப் பழகியவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியா சார்பில் பங்கேற்ற ஒரே வீரரான ஆரிஃப் கான் அந்தப் பக்கத்து ஆள்தான். அவருடைய அப்பா குல்மார்க்கில் ஸ்கீ கடை வைத்திருந்தவர்.

முதல் பாடம் "பீட்சா". பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பீட்சாத் துண்டு வடிவத்தில் வைத்தால் வேகம் குறையும். இரண்டையும் இணையாக வைத்தால் "ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்", வேகம் எடுக்கும். மகள் இதை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வாள். உங்களுக்கு ஒரு நாள் ஆகும், வருத்தப்படாதீர்கள். பெரியவர்கள் எல்லோரும் பயத்தில் பின்னால் சாய்கிறார்கள், பின்னால் சாய்ந்தால் பலகை சொன்ன பேச்சு கேட்காது. இந்த மலையில் திரும்பத் திரும்பக் காதில் விழும் அறிவுரை "ஆகே ஜுக்கோ" தான், முன்னால் குனி என்று. மூன்று நான்கு நாள் விடாமல் பழகினால் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி மெதுவாக இறங்க வந்துவிடும். ஒரே நாள், அதுவும் இரண்டு மணி நேரம் என்றால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் அவர் பழகியது பெரும்பாலும் இரவெல்லாம் இயந்திரம் ஓட்டி வரிவரியாகச் சமப்படுத்திய, ஓரங்களில் கம்பு நட்ட பாதையில் இருக்கும். அங்கே பலகையின் விளிம்பு கடினமான பனியைக் கடிக்கும். ஆழமான பவுடர் பனியில் கடிக்க எதுவும் கிடையாது. பலகை உள்ளே மூழ்கும், திரும்பும் முறையே வேறு. விழுந்தால் எழுவது பெரும்பாடு, கழன்ற பலகை எங்கே புதைந்தது என்று துழாவித் தேட வேண்டும். இதையெல்லாம் 3,950 மீட்டரில், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீத ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளை, மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மச்சான் கூப்பிட்டார் என்று ரோஷத்தில் மேலே போய்விட்டு, முழங்கால் நடுங்கக் கோண்டோலாவிலேயே திரும்பி இறங்குபவர்கள் நிறைய. அதுகூட கௌரவமான முடிவுதான். சறுக்கி இறங்கும்போது பாதி வழியில் ரோஷம் தீர்ந்துபோனால்தான் ஆபத்து.

அவருக்கு ஏற்றது கோங்டூரி. அங்கே சேர்லிஃப்ட், அதாவது கம்பியில் தொங்கும் நாற்காலி லிஃப்ட் இருக்கிறது, அதிலிருந்து இறங்கும் சரிவுகள் நடுத்தரக்காரருக்குச் சரியாக இருக்கும். கோங்டூரியிலிருந்து மரங்களுக்கு நடுவே குல்மார்க் வரை இறங்கும் பாதையும் நல்ல பாதை. முதல் நாள் காலை கோல்ஃப் மைதானத்தில் காலைப் பழக்கிக்கொண்டு, மதியத்துக்கு மேல் ஃபேஸ்-1 போகலாம். ஆனால் இரண்டு மூன்று நாளில் அந்தச் சரிவுகள் அலுத்துவிடும், இதை மறைக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க, வாரம் முழுக்க நடுத்தரப் பாதைகளில் கிலோமீட்டர் கணக்கில் சறுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை என்றால் குல்மார்க் அதற்கான ஊர் இல்லை. ஜார்ஜியா நாட்டின் குடௌரி போன்ற இடத்துக்கு அவர் தனியாக ஒருமுறை போய்விட்டு வரட்டும். உத்தராகண்டின் ஔலி பற்றியும் கேட்பார்கள். அழகான சரிவு, ஆனால் இன்னும் சின்னது. தவிர, 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதைய ஆரம்பித்ததிலிருந்து அங்கிருந்து ஔலி செல்லும் ரோப்வே நிறுத்தப்பட்டது.

தம்பி. குல்மார்க்குக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருவது இவரைப் போன்றவர்களால்தான். மத்தியதரைக்கடல் பக்கம் உருவாகி நகர்ந்து வரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் குளிர்கால மழைக் காற்றமைப்புகள் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதி, ஒரே மூச்சில் இடுப்பளவு பனியைக் கொட்டிவிட்டுப் போகும். உயரமும் குளிரும் அந்தப் பனியை ஈரமில்லாமல், மாவு போல் வைத்திருக்கும். அடுத்த நாள் வெயில் அடித்தால் அஃபர்வட்டின் முழு முகமும் ஒரு கோடு விழாமல் காத்திருக்கும்.

அந்தப் பனியேதான் சரியவும் செய்கிறது. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட்டில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். குல்மார்க்கில் ரோந்துக் குழு இருக்கிறது. பனிச்சரிவு அபாய அறிவிப்பு தருகிறார்கள், ஆபத்து என்று தோன்றினால் மேல் கட்டத்தைச் சறுக்குபவர்களுக்குத் திறப்பதில்லை. ஆனால் அவர்கள் பார்த்துக்கொள்வது கோண்டோலாவை ஒட்டிய பகுதியை மட்டுமே. எல்லைக் கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு மேட்டைக் கடந்துவிட்டால் அது காட்டு மலை, பொறுப்பு நம்முடையது. விஸ்லரில் பாதைக்கு உள்ளே சறுக்கிப் பழகியவருக்கு இந்த எல்லை உடனே பிடிபடாது; கோண்டோலா கண்ணுக்குத் தெரிவதால் எல்லாம் ஊருக்குள் இருப்பதாகவே தோன்றும்.

ஆகவே அவர் கண்டிப்பாகச் செய்ய வேண்டியவை: சிக்னல் அனுப்பும் பீக்கன், மண்வெட்டி, துழாவும் கம்பு மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும், பயன்படுத்தத் தெரிந்திருக்கவும் வேண்டும். புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. மீட்புக் குழு கீழிருந்து வரும்வரை அந்தக் கால் மணி காத்திருக்காது. அதனால் தனியாகப் போவது என்ற பேச்சே வேண்டாம், உள்ளூர் வழிகாட்டியோடு போகட்டும். பெரும் பனிப்பொழிவு முடிந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் ஆசை அதிகம், அபாயமும் அதிகம். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் பாதைக்கு வெளியே சறுக்குவதையும் ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்த்திருக்கிறார்களா என்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல பாலிசிகளில் சேர்ப்பதில்லை.

அப்பா ஃபேஸ்-1 வரை வரலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. இதயக் கோளாறோ மூச்சுத் தொந்தரவோ இருந்தால் ஃபேஸ்-2 வேண்டவே வேண்டாம். சில நிமிடங்களில் 800 மீட்டருக்கு மேல் ஏறுவது இளைஞர்களுக்கே தலை கிறுகிறுக்கும். அவருக்கு உண்மையான எதிரி உயரத்தைவிட வழுக்கல். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையும் ஊன்றுகோலும் வாங்கிக்கொடுத்துவிடுங்கள். வெள்ளைக்காரர் காலத்து செயின்ட் மேரி தேவாலயம் மெதுவாக நடந்து பார்க்கக்கூடியது. மேட்டின் மேல் இருக்கும் மகாராணி சிவன் கோயில் 2024 ஜூனில் தீப்பிடித்து எரிந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் கரி கனலும் காங்கிரி என்ற மண்சட்டியை வைத்துக்கொண்டு கதவை இறுக்கிச் சாத்தித் தூங்கக் கூடாது, அந்தப் புகை மணம் இல்லாமலே ஆளைக் கொல்லும். அறைக்கு மின்சாரக் கம்பளி கேளுங்கள். சாப்பாட்டுக்கு ராஜ்மா சாதம் எங்கும் கிடைக்கும். உப்புப் போட்ட ரோஜா நிற நூன் சாய் நம்மூர் நாக்குக்குப் பிடிக்காமல் போகலாம், காவா என்ற காஷ்மீர் டீ நிச்சயம் பிடிக்கும்.

பிப்ரவரி நல்ல தேர்வு. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாளைச் சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிர்க் காலம். அந்தக் காலத்துப் பனிதான் தங்கும். ஆனால் முன்போல் உத்தரவாதம் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் வெறும் பழுப்புப் புல்லாகக் கிடந்தது, பனி பிப்ரவரியில்தான் வந்தது. 2025-இல் பனி போதவில்லை என்று கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளின் குல்மார்க் பகுதியையே மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள், கூட நூறு ஐநூறு ஆனாலும். பாதுகாப்பு நிலவரமும் அப்படித்தான்: 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் பல சுற்றுலா இடங்களை மூடி வைத்திருந்தார்கள். கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைக்கு ஒரே விதி: தோலை ஒட்டிப் பருத்தி கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஈரத்திலேயே உங்களை நடுங்க வைக்கும். தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் நீர் புகாத கோட்டு. கோட்டும் பேன்ட்டும் வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் கண் கண்ணாடியும் சொந்தமாக இருப்பது நல்லது. புதுப்பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அதனால் சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும்கூடத் தடவ வேண்டும்.

ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். குடும்பத்தில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். கோண்டோலா டிக்கெட்டை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷன் தளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், சீசனில் வேகமாகத் தீர்ந்துவிடும். சறுக்குபவர்களுக்குத் தனிப் பாஸ் உண்டு. காற்று பலமாக அடித்தால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் தம்பி ஒரே நாளை நம்பி வரக் கூடாது. வண்டி நின்றதும் ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் சூழ்ந்துகொண்டு, கோண்டோலா வெகு தூரம், நடக்க முடியாது என்பார்கள். அப்பாவுக்கு வேண்டுமானால் பேரம் பேசி ஏற்றிவிடுங்கள், மற்றவர்களுக்கு நடக்கிற தூரம்தான்.

பயணத் திட்டத்தை இப்படி வையுங்கள்: ஸ்ரீநகரில் இறங்கி முதல் இரவு அங்கேயே தங்குங்கள், உடம்பு கொஞ்சம் உயரத்துக்குப் பழகும். மறுநாள் டங்மார்க் வரை உங்கள் வண்டி. பனி விழுந்திருந்தால் அதற்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிதான் விடுவார்கள், அதற்குத் தனிக் காசு. குல்மார்க்கில் ஐந்து இரவு. கடைசி இரவு மறுபடி ஸ்ரீநகர். குல்மார்க்கிலிருந்து கிளம்பும் நாளிலேயே விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள், இரவில் பனி கொட்டினால் காலையில் அந்தப் பாதையில் எத்தனை மணிக்கு வண்டி விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்ரீநகரில் விமானமே ரத்தானாலும் 2025 ஜூன் முதல் கத்ராவுக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து ஜம்முவுக்கு இறங்கி டெல்லி விமானத்தைப் பிடித்துவிடலாம்.